மனம் ஒட்டாத உத்தியோகம்

பள்ளியில் கணக்கும் பௌதிகமும் நன்றாக வரும் பிள்ளையைக் கண்டால், "எஞ்சினியருக்குப் படிக்க வையுங்கள்" என்று சொல்லாதவர் நம்மிடையே குறைவு. அவ்வாறு சொல்வதற்குத் தக்க காரணமும் உண்டு. பாலம் கட்டுவதும், மின்சாரம் உண்டாக்குவதும், இயந்திரங்களை ஓட்டுவதும், கணிப்பொறிக்கு வேலை கற்பிப்பதும் எஞ்சினியரின் தொழில்கள். அவர் பெற்ற கல்வி ஓர் ஊருக்கோ ஒரு கம்பெனிக்கோ மட்டும் உரியதன்று. எங்கும் செல்லும் நாணயத்தைப் போன்றது. ஆகவே, பிடிக்காத வேலையை விட்டு விலகுவது யாருக்கேனும் எளிது என்றால், அது எஞ்சினியருக்கே எளிதாக இருத்தல் வேண்டும்.

உலகியல் அவ்வாறு இல்லை. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஒரே அலுவலகத்தில் பணி செய்துகொண்டு, காலையில் மனமின்றிச் சென்று மாலையில் சோர்வுடன் திரும்பும் எஞ்சினியர்கள் பலர் இருக்கின்றனர். "வேலை எப்படி?" என்று கேட்டால், "ஏதோ நடக்கிறது" என்பார்கள். "விட்டுவிடலாமே!" என்றாலோ, சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் விலகாமல் இருப்பதற்குக் காரணம் என்ன? சம்பளத்தின் மீது உள்ள ஆசையா? துணிவின்மையா? சோம்பலா? இம்மூன்றையுமே உலகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. இவை முழு உண்மை அல்ல என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் ஒரு பழைய ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் உருக்குத் தொழிலுக்குப் பேர்போன நகரம் பிட்ஸ்பர்க். அந்த வட்டாரத்தில் பணியாற்றிய எஞ்சினியர்களும் கணக்கர்களுமாக 203 பேரைப் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்னும் உளநூல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் பேட்டி கண்டனர். அவர்கள் கேட்ட கேள்விகள் மிக எளியவை. "உங்கள் வேலையில் நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த ஒரு காலத்தைச் சொல்லுங்கள், மிகவும் வருந்திய ஒரு காலத்தையும் சொல்லுங்கள், அப்போது நடந்தது என்ன?" இவையே அக்கேள்விகளின் சாரம். கிடைத்த விடைகளைத் தொகுத்து 1959ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார்கள்.

ஒரே பொருள் மிகுந்தால் மகிழ்ச்சியும், குறைந்தால் வருத்தமும் உண்டாகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் கண்டது வேறு. மகிழ்ச்சியான காலங்களைப் பற்றிச் சொன்னவர்கள், ஒரு கடினமான பணியைச் செய்து முடித்ததையும், அதற்குக் கிடைத்த பாராட்டையும், வேலையின் சுவையையும், தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பையும், அடைந்த உயர்வையும் பற்றிச் சொன்னார்கள். வருத்தமான காலங்களைப் பற்றிச் சொன்னவர்களோ, கம்பெனியின் விதிகள், நிர்வாக முறை, மேலதிகாரியின் போக்கு, உடன் இருப்போரோடு உறவு, பணியிடத்தின் நிலைமை ஆகியவற்றைப் பெரும்பாலும் குறித்தார்கள். சம்பளத்தையும் வருத்தத்தின் பக்கத்திலேயே ஹெர்ஸ்பெர்க் வைத்தார். மகிழ்ச்சி ஒரு பக்கத்திலிருந்தும் வருத்தம் மற்றொரு பக்கத்திலிருந்தும் வருகின்றன என்பது அவருடைய முடிவு.

இதனை ஒரு வீட்டின் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் வீட்டில் இருப்பவருக்கு நிம்மதி இல்லை. ஒழுக்கை அடைத்துவிட்டால் அந்தத் தொல்லை நீங்குகிறது. ஆனால் ஒழுகாத கூரையை அண்ணாந்து பார்த்து நாள்தோறும் மகிழ்வார் யாரும் இல்லை. மகிழ்ச்சி அவ்வீட்டினுள் நடக்கும் வாழ்க்கையிலிருந்து வரவேண்டும். நல்ல சம்பளமும் நல்ல அறையும் ஒழுகாத கூரையைப் போன்றவை. அவை முறையீட்டை அடக்கும். மன நிறைவை உண்டாக்கா.

இக்கொள்கைக்கு மறுப்பு எழாமல் இல்லை. நல்லது நடந்தால் அதைத் தம் திறமையாலும், தீயது நடந்தால் அதைப் பிறர் குற்றத்தாலும் விளைந்ததாகச் சொல்வது மனித இயல்பாயிற்றே, அவ்வியல்பே இந்த விடைகளில் புகுந்திருக்கலாமே என்று 1964ஆம் ஆண்டில் விக்டர் வ்ரூம் என்ற அறிஞர் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆயினும் ஹெர்ஸ்பெர்க் சுட்டிய ஓர் உண்மை நமக்குப் பயன்படும். முறையிடுவதற்கு ஒன்றும் இல்லாத வேலையிலும் மனம் நிறையாமல் இருக்கலாம். அந்த நிலையில் உள்ளவருக்கு, விலகுவதற்கு உரிய காரணமாக எடுத்துக்காட்ட ஒன்றும் இராது. "என்ன குறை உனக்கு?" என்று வீட்டார் கேட்டால் அவரால் விடை சொல்ல முடியாது. குறை இல்லை, நிறைவும் இல்லை. இவ்வாறு பெயரிட முடியாத துன்பமே நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்படுகிறது.

இனி, ஒருவரை வேலையில் நிறுத்தி வைப்பது எது என்று பார்ப்போம். 1973ஆம் ஆண்டில் வின்சென்ட் பிளவர்ஸ், சார்லஸ் ஹியூஸ் என்னும் இருவர், தொழிலாளர் விலகுவது ஏன் என்ற வழக்கமான கேள்வியைத் திருப்பிப் போட்டு, அவர்கள் தங்கியிருப்பது ஏன் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினர். பௌதிகப் பாடத்தில் நீங்கள் படித்த நியூட்டனின் முதல் விதியை அவர்கள் துணைக்கு அழைத்தனர். வெளியிலிருந்து ஒரு விசை தாக்கும் வரையில், நிலையாக உள்ள பொருள் நிலையாகவே இருக்கும் அல்லவா? உத்தியோகத்தில் இருப்பவரும் அவ்வாறே என்றனர். சிலரை வேலையில் உள்ள விருப்பம் நிறுத்துகிறது. வேறு சிலரை வேலைக்கு வெளியே உள்ள காரியங்கள் நிறுத்துகின்றன. பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக் கடன், முதிய பெற்றோர், பழகிய தெரு ஆகியவை அத்தகையவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரு சாராரும் ஒன்றுபோலவே தோன்றுவர். "எங்கள் கம்பெனியை விட்டு யாரும் போவதில்லை" என்று பெருமை பேசும் முதலாளி, தம்மிடம் இருப்பவர்கள் விரும்பி இருக்கிறார்களா, கட்டுண்டு இருக்கிறார்களா என்பதை அந்தக் கணக்கிலிருந்து அறிய முடியாது.

கட்டு என்று சொன்னோம். அது ஒரே நாளில் போடப்படுவதன்று. ஹவர்ட் பெக்கர் என்ற சமூகவியல் அறிஞர் 1960ஆம் ஆண்டில் இதனை நன்கு விளக்கினார். ஒருவர் ஒரு வேலையில் சேரும்போது அவ்வேலையை மட்டுமே ஏற்கிறார். பின்பு அதனோடு தொடர்பில்லாத பல காரியங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் பந்தயம் வைப்பதுபோல் வைத்துவிடுகிறார். சம்பளத்தை நம்பி வீட்டுக்குக் கடன் வாங்குகிறார். வீட்டை ஒட்டிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறார். ஊராரிடம் "இன்ன கம்பெனி எஞ்சினியர்" என்ற பெயரைப் பெறுகிறார். இவற்றுள் எதனையும் அவர் தவறாகச் செய்யவில்லை. ஆனால் பத்தாண்டுகளுக்குப் பின் அவர் வேலையை மட்டும் விட நினைத்தாலும், அதன்மேல் வைத்த எல்லாம் சேர்ந்து அசைகின்றன. நூல் ஒவ்வொன்றும் மெல்லியதுதான். பல நூல் திரிந்தால் தாம்புக்கயிறு ஆகிவிடுகிறது.

இக்கட்டு எல்லாத் தொழிலுக்கும் பொது. எஞ்சினியருக்கென்றே உரிய கட்டு ஒன்றும் உண்டு. அது அவருடைய அறிவிலேயே இருக்கிறது. பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தொழிலறிவை இரு வகையாகப் பிரித்தார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் அறிவு ஒரு வகை; ஒரே நிறுவனத்தில் மட்டும் பயன்படும் அறிவு மற்றொரு வகை. கல்லூரியிலிருந்து வெளிவரும் எஞ்சினியரிடம் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. வேலையில் சேர்ந்த பின்னர் இரண்டாம் வகை சேரத் தொடங்குகிறது. இந்த ஆலையின் மூன்றாவது கொதிகலன் எப்போது தகராறு செய்யும், இருபது ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட இந்த நிரலில் எந்த வரியைத் தொட்டால் எது நின்றுபோகும், எந்த அதிகாரியிடம் எந்தத் தாளை முதலில் நீட்ட வேண்டும் என்பனவெல்லாம் அவ்வகை அறிவு. உள்ளே அதற்குப் பெருமதிப்பு உண்டு; வாயிலைத் தாண்டினால் விலை இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, எங்கும் செல்லும் நாணயம், ஒரே கடையில் மட்டும் செல்லும் வில்லையாக மாறிவிடுகிறது. அக்கடையில் கிடைக்கும் சம்பளம் வெளியே கிடைக்காது என்று அவர் அஞ்சுவது கோழைத்தனம் அன்று. அது சரியான கணக்கே.

இதனோடு பதவி உயர்வும் சேர்ந்துகொள்கிறது. பல நிறுவனங்களில் மேலே ஏறுவதற்கு ஒரே ஏணிதான் உண்டு. அது நிர்வாக ஏணி. வரைபட மேசையில் சிறந்தவரைப் பாராட்ட விரும்பினால், அவரை அம்மேசையிலிருந்து எழுப்பிப் பத்துப் பேருக்குத் தலைவராக்குகிறார்கள். அவரும் மறுப்பதில்லை. சில ஆண்டுகளில் கணக்கும் கருவியும் அவர் கையை விட்டுப் போகின்றன. அவருக்கு மகிழ்ச்சி தந்த வேலை கீழே இருக்கிறது. சம்பளமும் மதிப்பும் மேலே இருக்கின்றன. மீண்டும் இறங்குவதை உலகம் தோல்வி என்று சொல்லும். இதனை உணர்ந்தே சில நிறுவனங்கள், நிர்வாகத்துக்குச் செல்லாமலே தொழில்நுட்பத்தில் உயர்வதற்கு இரண்டாவது ஏணி ஒன்றை அமைத்தன.

மூன்றாவது கட்டு மனக்கணக்கைச் சேர்ந்தது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர்கள் 1979ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டனர். நூறு ரூபாய் கிடைப்பதால் உண்டாகும் மகிழ்ச்சியைக் காட்டிலும், நூறு ரூபாய் இழப்பதால் உண்டாகும் வருத்தம் பெரிது என்பது அதன் ஒரு பகுதி. கையில் உள்ள வேலையின் நன்மைகள், விட்டால் இழப்புகள் ஆகின்றன. புதிய வேலையின் நன்மைகளோ வெறும் வரவுகள். இரண்டும் அளவில் சமமானாலும் தராசு பழைய வேலையின் பக்கமே தாழும்.

செலவழித்ததை நினைத்துத் தொடர்வதும் இதனைச் சேர்ந்ததே. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகிய இருவர் 1985ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் ஆண்டு முழுவதற்கும் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 13 டாலருக்கும், சிலருக்கு 8 டாலருக்கும் சீட்டுக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது தற்செயலாகவே முடிவு செய்யப்பட்டது. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றே. ஆயினும் பருவத்தின் முதற்பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் மற்றவர்களைவிட மிகுதியான நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த பணம் திரும்பப் போவதில்லை. என்றாலும் அது அவர்களைப் பிடித்து இழுத்தது. பொறியியல் கல்விக்குச் செலவிட்ட நான்கு ஆண்டுகளும், அதற்காகத் தந்தை விற்ற நிலமும், தாய் அடகு வைத்த நகையும் எவ்வளவு விலையுள்ள சீட்டு என்பதை எண்ணிப் பாருங்கள். "இவ்வளவும் செய்துவிட்டு எப்படி விடுவது?" என்ற கேள்விக்கு முன் எத்தனையோ பேர் வாயடைத்து நிற்கிறார்கள்.

நான்காவது கட்டு சட்டத்தால் வருவது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒருவர் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று அதன் 27ஆம் பிரிவு கூறுகிறது. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி பீல்டு எழுதிய சட்ட நகலிலிருந்து எடுக்கப்பட்ட பிரிவு அது. அதே 1872ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலமும் அதே நகலைத் தழுவித் தன் சட்டத்தை வகுத்தது. ஆயினும் இந்தியாவில், வேலைக்கு ஒப்புக்கொண்ட காலத்துக்குள் விதிக்கப்படும் தடையும், அக்காலம் முடிந்த பின் விதிக்கப்படும் தடையும் ஒன்றல்ல. டயருக்கு உரிய நூல் செய்யும் ஆலையில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து பயிற்சி பெற்ற ஒருவர், இடையிலேயே விலகிப் போட்டி ஆலையில் சேர்ந்தார். ஒப்பந்த காலம் முடியும் வரையில் அத்தகைய வேலையை வேறிடத்தில் செய்யலாகாது என்ற தடை செல்லும் என 1967ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, நியமன உத்தரவோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தை வரி விடாமல் படிப்பது எஞ்சினியரின் முதற்கடமைகளுள் ஒன்று.

அமெரிக்காவுக்குச் செல்லும் இந்திய எஞ்சினியர்களுக்கு மற்றொரு சட்டக்கட்டு இருக்கிறது. தமிழர் பலர் அவர்களுள் அடங்குவர். எச்-1பி என்னும் அனுமதி, வேலை கொடுப்பவரின் மனுவின்மேல் தரப்படுவது. நிரந்தரமாக வசிப்பதற்கு உரிய சீட்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் இல்லை என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. மனுச் செய்யும் இந்தியர்கள் மிகப் பலராதலால் அவர்களுடைய வரிசை பல ஆண்டுகள் நீளுகிறது. இடையில் வேலையை மாற்றினால், புதிய முதலாளி மனுவின் சில படிகளை மீண்டும் தொடங்க நேரிடும். வரிசையில் நிற்பவர் பிடிக்காத வேலையில் நிலைத்திருப்பதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

இத்தனை கட்டுகளையும் மீறி விலகியவர்கள் உண்டா? உண்டு. அவர்களுள் எண்மரின் வரலாறு புகழ்பெற்றது. அவர்கள் விலகியது எவ்வாறு என்று பார்த்தால், மற்றவர்கள் விலகாமைக்குக் காரணமும் தெளிவாகும்.

டிரான்ஸிஸ்டரைக் கண்டுபிடித்ததற்காக 1956ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் வில்லியம் ஷாக்லி. அவர் அதே ஆண்டில், பெக்மன் என்ற தொழிலதிபரின் ஆதரவில், கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கினார். அவருடைய அழைப்பை ஏற்று இளம் விஞ்ஞானிகளும் எஞ்சினியர்களும் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பெரிய மேதையிடம் பணி, புதிய துறை, இதனைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? ஆனால் நாளடைவில் மனக்கசப்பு வளர்ந்தது. ஷாக்லி தம் உதவியாளர்களை நம்பவில்லை. ஒரு சிறு விபத்தைச் சதி என்று எண்ணி, அவர்களைப் பொய்யறியும் கருவியால் சோதிக்க விரும்பினார். ஸிலிக்கான் டிரான்ஸிஸ்டரைச் செய்ய வேண்டும் என்ற ஆர்வத்தோடு வந்தவர்களின் முயற்சியை, தமக்குப் பிடித்த வேறொரு கருவியின் பக்கம் திருப்பினார். அவர்களுடைய முதன்மையான குறை சம்பளம் அன்று. செய்யத் தகுந்த வேலையைச் செய்ய இயலவில்லை என்பதே அது.

அவர்கள் உடனே விலகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டில் முதலில் பெக்மனிடம் சென்று முறையிட்டார்கள். ஷாக்லியை நிர்வாகப் பொறுப்பிலிருந்து மாற்றும்படி கேட்டார்கள். பெக்மன் முதலில் செவிசாய்த்தார், பின்னர் பின்வாங்கிவிட்டார். அதன் பிறகே அவர்கள் வெளியே பார்த்தார்கள். அப்போதும் தனித்தனியே பிரிய மனமின்றி, கூட்டமாக வேலை தருவார் உண்டா என்று தேடினார்கள். ஆர்தர் ராக் என்பவர், "நீங்களே ஒரு கம்பெனி தொடங்கலாமே" என்ற யோசனையைக் கூறி, முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களை அணுகினார். எல்லாம் கைவிரித்தன. கடைசியில் பேர்சைல்டு என்ற நிறுவனம் ஏறத்தாழ 14 இலட்சம் டாலர் தர முன்வந்தது. எண்மரும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். அவர்களுள் தலைமை தாங்கத் தகுந்தவரான ராபர்ட் நாய்ஸ் கடைசியாகத்தான் இணங்கினார். 1957 செப்டம்பரில் எண்மரும் விலகினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், அவர்களுள் ஒருவரான ஷான் ஹோர்னி ஸிலிக்கான் கருவிகளைச் செய்வதற்குச் சிறந்த முறை ஒன்றை வகுத்தார். நாய்ஸ் தொகுப்புச் சுற்றைக் கண்டார். நாம் பயன்படுத்தும் கணிப்பொறிகள் அவ்வழியில் வந்தவையே.

துணிச்சலே இவ்வெற்றிக்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மேலே கண்ட கட்டுகளை நினைவில் வைத்துப் பார்த்தால் வேறு பல காரணங்களும் தெரியும். அவர்களுடைய அறிவு ஒரே கடையில் செல்லும் வில்லையாக இன்னும் மாறவில்லை. ஸிலிக்கானைப் பற்றிய அறிவு எங்கும் வேண்டப்பட்டது. அங்கே சேர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறையாததால் கட்டுகள் முறுகவில்லை. கலிபோர்னியாவின் சட்டம், விலகியவர் போட்டித் தொழில் செய்வதைத் தடுக்கவில்லை. பணம் தர ஒருவர் முன்வந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் எண்மராக இருந்தார்கள், "எனக்கு மட்டுந்தான் இவ்வாறு தோன்றுகிறதோ?" என்ற ஐயம் அவர்களுக்கு இல்லை. இவ்வளவு இருந்தும் நாய்ஸ் தயங்கினார். இவற்றுள் ஒன்றும் இல்லாத ஒருவர் தனியே தயங்கி நிற்பதில் வியப்பென்ன?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970ஆம் ஆண்டில் எழுதிய நூல் இங்கே நினைக்கத் தக்கது. ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதில் உள்ளவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர். ஒன்று, விலகுதல், மற்றொன்று, குரல் எழுப்புதல். பற்று என்பது விலகலைத் தாமதப்படுத்திக் குரலுக்கு இடம் தருவது. எண்மரும் முதலில் குரல் எழுப்பினார்கள். அது பயன்படாதபோது விலகினார்கள். மனம் நிறையாத எஞ்சினியர் பலர் இவ்விரண்டையும் செய்வதில்லை. வேலையை மாற்றித் தரும்படி கேட்பதும் இல்லை. விட்டுப் போவதும் இல்லை. பேசாமல் இருந்து, நாளடைவில் அக்கறையை மட்டும் விலக்கிக்கொள்கிறார்கள். உடல் நாற்காலியில் இருக்கிறது, உள்ளம் விலகிவிட்டது. இதனால் அவருக்கும் கேடு. அவர் கட்டும் பாலத்துக்கும் ஓட்டும் இயந்திரத்துக்கும் கேடு.

விலகியவர்கள் பின்னர் வருந்துகிறார்களா? சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் லெவிட் என்ற பொருளியல் அறிஞர் இதனை ஆராய ஒரு விநோத வழியைக் கையாண்டார். வேலையை விடலாமா, வேண்டாமா என்பன போன்ற முடிவுகளில் தடுமாறியவர்களுக்கு இணையத்தின் வழியாக நாணயம் சுண்டிப் பார்க்க ஏற்பாடு செய்தார். இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தடவை நாணயம் சுண்டப்பட்டது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய முடிவுகளைப் பொறுத்த வரையில், மாற்றத்தை மேற்கொண்டவர்கள் பழைய நிலையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக மகிழ்ச்சியோடு இருந்தனர். இவ்வாராய்ச்சி முழு வடிவில் 2021ஆம் ஆண்டில் அச்சேறியது. இதிலிருந்து எல்லாரும் வேலையை விட வேண்டும் என்று கொள்ளலாகாது. நாணயம் சுண்ட வந்தவர்கள், விடுவதா இருப்பதா என்று ஏற்கெனவே பாதி மனத்தோடு நின்றவர்கள். அத்தகையவர்கள், வேண்டிய அளவுக்கு மேல் தயங்குகிறார்கள் என்பதே இதன் பொருள்.

நிலைத்திருப்பது இழிவு என்று எண்ணுவதும் தவறு. தம்பி தங்கையரைப் படிக்க வைப்பதற்காகவும், நோயுற்ற தாயின் அருகில் இருப்பதற்காகவும் சுவையற்ற வேலையைச் செய்பவர், தாம் எதற்காக இருக்கிறோம் என்பதை அறிந்தவர். வேலையிலிருந்து சோற்றைப் பெற்று, நிறைவை வேறோரிடத்தில் தேடிக்கொள்வோரும் உண்டு. அரசாங்கப் பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்துகொண்டே தமிழ் எழுத்துகளை ஆராய்ந்த பா. வே. மாணிக்க நாயக்கர், ஒருவருக்கு இரண்டு பணிகள் இருக்க முடியும் என்பதற்குச் சான்று. காரணம் தெரிந்து இருப்பது ஒன்று. காரணம் மறந்து இருப்பது வேறு. துன்பம் தருவது இரண்டாவதே.

மாணவர்களாகிய உங்களுக்கு இதனால் ஆவது என்ன? கட்டுகள் எல்லாம் வேலையின் முதல் சில ஆண்டுகளில், ஒருவர் மகிழ்ச்சியாக இருக்கும்போதே போடப்படுகின்றன. மன நிறைவின்மை பின்னர்தான் வருகிறது. ஆகவே கட்டுகளைப் பற்றி எண்ண வேண்டிய காலம், அவற்றால் துன்பம் இல்லாத காலமே. முதற்சம்பளம் வந்தவுடன் அதன் கடைசிக் காசு வரையில் கடன் தவணைக்கு ஒப்படைக்காமல், சில மாதம் வேலையின்றியும் வாழப் போதுமானதைச் சேர்த்து வையுங்கள். உங்கள் ஆலைக்கு மட்டும் பயன்படும் அறிவைப் பெறும்போது, எங்கும் பயன்படும் அறிவு ஒன்றையும் உடன் வளர்த்து வாருங்கள். பிற இடங்களில் அதே தொழில் செய்வோரோடு பழகுங்கள். குறை தோன்றினால், உள்ளத்தில் புளிக்க விடாமல், உரியவரிடம் மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்த வேலையில் நான் இதுவரை சேராதவனாக இருந்து, இன்றுதான் இது எனக்குத் தரப்படுகிறது என்றால், இதனை ஏற்பேனா?" ஏற்பேன் என்று விடை வந்தால் நன்று. ஏற்கமாட்டேன் என்று வந்தால், உங்களை நிறுத்துவது எந்தக் கட்டு என்று பெயர் சொல்லிப் பாருங்கள். அது கடமையா, கடனா, அச்சமா, பழக்கமா? கடமையானால் தலைநிமிர்ந்து இருங்கள். கடனானால் தீரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சமும் பழக்கமும் மட்டுமே என்றால், அக்கயிற்றின் முடிச்சு உங்கள் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது.